நாற்பத்தொன்றாம் சேர்மானம்

கைக்கடிகாரத்தைக் கழற்றிவிட்டு வரவேண்டும் என்பது
இங்கே முதல் விதி.
நான் கழற்றவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

கிராஸ் நகரின் மலைச்சரிவில்
ஜன்னல் திறக்காத ஓர் அறை.
என் இடது முன்கையை மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிறேன்.
முந்தின இரவிலிருந்து பூண்டு கூடாது, காப்பி கூடாது,
குளித்தால் மணமில்லாத சோப்பு.
முழங்கைக்குக் கீழே பழைய தீக்காயத் தழும்பு ஒன்று.
அதைச் சுற்றி நீலப்பேனாவால் வட்டம் போட்டிருக்கிறாள் கிஸ்லேன்.
தழும்பில் எண்ணெய் ஊறாது,
வாசனை கால் ஊன்றாதாம்.

ஒன்பது மணி ஐந்து நிமிடம். ஒரே பீய்ச்சல்.
முதலில் வெறும் குளிர்,
ஊசி போடுமுன் நர்ஸ் தேய்க்கும் பஞ்சின் குளிர்.
அது விலகுவதற்குள் முண்டியடித்துக்கொண்டு
பேரிக்காய்,
பச்சைத் தோலோடு, பல் பட்ட இடத்தில் நுரைத்த சாறோடு.
அதன் தோளில் தொற்றிக்கொண்டு
காஸிஸ் என்ற கரும்பழம்:
புளிப்பு, இலைக்கசப்பு,
பூனை நின்றுவிட்டுப்போன புதரின் மூத்திர வாடை.
இதைப் படிவத்தில் எழுதலாமா என்று கேட்டேன்.
"அதற்குத்தானே காசு" என்றாள் கிஸ்லேன்.

கால்மணி நேரம்.
சாப்பிட்ட கை காயுமுன் கிளம்பிவிடும் விருந்தாளிபோல
பேரிக்காய் சொல்லாமல் போயிற்று.
ஜாம் கிண்டிய சட்டியின் அடியில் பிடித்த பிளம்ஸ் மட்டும்
கொஞ்சநேரம் கரகரத்தது.
பிறகு ஒன்றுமில்லை.
இரண்டு மணிநேரம் ஒன்றுமே இல்லை.
ஸ்வெட்டரின் கம்பளியை முகர்ந்து மூக்கைக் கழுவிக்கொண்டேன்,
மீண்டும் கையை முகர்ந்தேன்.
கைதான் மணத்தது.

பஸ்ஸில் இறங்கி வரும்போது
இருக்கைக்கடியில் ஹீட்டர்.
எதிர்மலை முழுக்க மிமோசா மஞ்சளாய்ப் பூத்துக் கிடக்கிறது,
கண்ணாடி தாண்டி அதன் வாசம் வரவில்லை.
மடியில் கிடந்த கையிலிருந்து
வனிலா எழுந்தது.
ஐஸ்கிரீம் கடை வனிலா இல்லை.
கம்பளிக்குள் சுருட்டி வெயிலில் வியர்க்கவைத்த காய்,
பழைய தோல்பையின் உட்புறம்,
ரம் தீர்ந்த கோப்பை.
பக்கத்துச் சீட்டுப் பையன் ரொட்டிப்பையைத் திறந்து பார்த்து
மூடிக்கொண்டான்.

ஏழாம் மணி.
மிச்சமிருந்த பனிச்சறுக்குக் கட்டைகளை எடுத்துப்போக
லுதோவிக் வந்தான்.
வாசலிலேயே நின்று, என்னைத் தாண்டி அடுப்படியைப் பார்த்து
"கேக் சுட்டாயா?" என்றான்.
பதினோரு வருடத்தில் அந்த அடுப்பில்
ஒரே ஒரு கேக்தான் சுட்டேன், அவன் பிறந்தநாளுக்கு.
தழும்பு அதன் மிச்சம்.
கையை நீட்டினேன். குனிந்தான்,
பாதியில் நின்றான். நீல வட்டத்தைப் பார்த்தான்.
"ஆபரேஷனா?"
"வேலை" என்றேன்.
கட்டைகள் மாடிப்படியில் இடித்துக்கொண்டே இறங்கின.

பிறர் கருத்து என்ற கட்டத்தில் எழுதினேன்:
ஒருவர். கேக் என்று நினைத்தார்.
எவ்வளவு தூரத்தில் உணர்ந்தார்?
ஒரு முழம்.

பதினான்காம் மணி, தலையணை.
இனிப்பு வடிந்துவிட்டது.
ஆறிய பாலில் ஆடை படிந்ததுபோல
தோல்மேல் இன்னொரு தோல்.
எது பாட்டிலிலிருந்து வந்தது, எது நான் என்று
பிரிக்க முடியவில்லை.
மீதம் என்ன? என்று கேட்டது படிவம்.
சூடு, என்று எழுதினேன்.
சூடு ஒரு மணமல்ல என்று கிஸ்லேன் அடித்துவிடுவாள்.
அடிக்கட்டும்.

மறுநாள் வலதுகையில் நாற்பத்திரண்டு.
மூன்று வாரம் கழித்துச் சொன்னார்கள்,
நாற்பத்தொன்றைக் கைவிட்டாயிற்றாம்,
பூனை கொஞ்சம் அதிகமாம்.
குப்பி குப்பியாகக் கொட்டிவிட்டார்கள்.

கடிகாரத்தின் தோல்வாரை அவர்கள் சோதிக்கவில்லை.
பேரிக்காயும் இல்லாமல் பிளம்ஸும் இல்லாமல்
அதன் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
பஸ் வரவில்லை. மணி பார்க்கிறேன்.
நேரம் ஆகவில்லை.
மறுபடி பார்க்கிறேன்.