தண்ணீர் கேட்காதது

கெலமங்கலம் நர்சரியிலிருந்து
மினி லாரியில் வந்தது அது,
கறுப்புப் பைகளில், ஆயிரத்து நானூறு.
ஒன்று முப்பத்தைந்து ரூபாய் என்றார் சூப்பர்வைசர் கிரிதர்.
என் கூலி முந்நூற்றைம்பது.
ஒரு நாளைக்கு நான் பத்துப் புல்.

பவுண்டன் கிராஸ்.
தண்ணியே கேட்காது, ஆடு மாடு வாய் வைக்காது என்றார்.
தலையாட்டினோம்.
ஆடு தின்னாத புல்லை எதற்கு நடுவது என்று
முனியக்கா மட்டும் கேட்டாள்,
அதுவும் தெலுங்கில்,
அவருக்குப் புரியாதபடி.

ரிசார்ட் கேட்டிலிருந்து நீச்சல் குளம் வரை
முழம் போட்டு நட்டோம்.
ஆவணியில் பூத்தது.
பொய் சொல்லக் கூடாது, அழகுதான்:
அந்தி வெயிலில் இளஞ்சிவப்பு நரிவால்கள்
எல்லாம் ஒரே பக்கம் சாயும்.
நானும் ஒரு கொத்து ஒடித்துக்
கொண்டையில் செருகிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அஞ்செட்டி பஸ்ஸில் பாதி ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லை.
காற்று எதை எங்கே உதிர்த்ததோ.
முந்தானையில் ஒட்டியதை
எங்கள் கரட்டோரம் நின்று தட்டினேன்,
அது மட்டும் தெரியும்.

மூன்று மழை.
கொழுக்கட்டைப்புல் இருந்த சரிவில் இது.
மஞ்சம்புல் இருந்த பாறை இடுக்கிலும் இது.
ஆடுகள் மோந்துவிட்டு
என்னைத் திரும்பிப் பார்க்கின்றன.
ராகிக் கொல்லை வரப்பில் காடை
இந்த வருஷம் கத்தவில்லை,
அல்லது என் காதில் விழவில்லை.

மாசியில் கரடு எரிந்தது.
யார் பீடியோ.
பழைய புல்லும் எரியும்தான், கணுக்கால் உயரத்துக்கு,
ஓணான்கூடத் தப்பித்துப் போகும்.
இது ஆளுயரம் எழுந்து
துரிஞ்சி மரத்தின் கிளையைப் பிடித்து ஏறியது.
வாட்சர் சிவண்ணா தழை ஒடித்து அடித்துப் பார்த்தார்.
புருவம் கருகியதுதான் மிச்சம்.

பத்தாம் நாள் போனேன்.
துரிஞ்சி கரி. நெல்லி கரி.
சாம்பலுக்குள் பச்சையாய்
அது மட்டும் முளைத்திருந்தது,
யாரிடமும் தண்ணீர் கேட்காமல்.

இப்போது ரேஞ்ச் ஆபீஸில் ஆள் எடுக்கிறார்கள்,
வேரோடு பிடுங்க. நாளுக்கு நானூறு.
இந்த வேலை முன்னாடி செஞ்சிருக்கியா என்றார் கார்டு.
நட்டிருக்கேன் என்றேன்.
சிரித்துக்கொண்டே பெயர் எழுதினார்.

முதல் நாள் பிடுங்கி முடித்து
பஸ்ஸுக்கு நின்றபோது பார்த்தேன்,
முந்தானை முழுக்கப் பூ.
உதறப் போன கை
அப்படியே நின்றது.
எங்கே உதறுவது?