உ

போன செவ்வாய்க்கிழமை ஒரு குரங்கு
சாலாச்சி முனுசாமியின் சமையலறைச் சன்னலில் புகுந்து
ரொட்டியை விட்டுவிட்டு
வயரில்லாச் சுட்டியைத் தூக்கிக்கொண்டு போனது.
மாமரப் பட்டையில் அது உரச உரச
மேசைமேல் மடிக்கணினி பாதையை வரைந்து காட்டியதாம்:
அம்பு மேலே, மேலே, இடப்பக்கம்,
ஒரு கடி, ஒரு சொடுக்கு.
துறைமுக அலுவலகத்துக்கு எழுதிய பாதி மின்னஞ்சல்
பாதியாகவே போய்ச் சேர்ந்தது.
பத்து மீட்டர் தாண்டியதும் அம்பு நின்றுவிட்டது.

மிச்சமிருந்த ரிசீவரை
திருநீற்றுப் பொட்டலம்போல மடித்து எடுத்து வந்தாள்.
சாட்ஸ்வொர்த்தில் என் கடை, இறைச்சிக்கடைக்கு மேல்மாடி.
செருப்புப் பெட்டி நிறைய வைத்திருக்கிறேன்
இப்படித் துணையிழந்த ரிசீவர்களை.
செருகினால் ஒருமுறை பச்சையாய்க் கண் திறந்து
யாரையோ தேடும்.

"புதுசு எதுவும் என் கைக்குச் சரிவராது" என்றாள்.
அப்போதுதான் கையைப் பார்த்தேன்.
நாற்பத்தொரு வயது. கன்டெய்னருக்கு இடம் ஒதுக்கும் வேலை.
கப்பல் அசையாமல் நிற்கும்,
திரையில் அம்புதான் அலையில் ஆடும்.
ஒரு கையெழுத்து மற்றொன்றைப் போல இல்லையென்று
வங்கிக்காரன் மூன்று முறை திருப்பி அனுப்பினானாம்.

மின்சாரம் போனது. இரண்டரை மணி நேரம், அட்டவணைப்படி.
செய்ய ஒன்றுமில்லாதபோது
வருங்காலத்தைப் பேசுவது எளிது.

நான் சொன்னேன்:
பெட்டி இருக்காது, திரை இருக்காது.
புளியங்கொட்டை அளவில் கணினி
வளையலுக்குள் உட்கார்ந்திருக்கும்.
பேட்டரி வேண்டாம், நாடித்துடிப்பு போதும்,
அட்டவணை போட்டு அதை யாரும் அணைக்க முடியாது.
மேசை, முழங்கால், பேருந்தில் முன்னிருக்கையின் முதுகு,
விரல் வைத்த இடமெல்லாம் விசைப்பலகை.
அரிசியில் கல் பொறுக்குவதுபோல
நடுக்கத்தைப் பொறுக்கிப் போட்டுவிடும்.
நினைத்த கோடு மட்டும் நேராக விழும்.

ஆறிப்போன சால்டரிங் அயர்னைத் துடைத்துக்கொண்டே
நொக்வாசி கேட்டாள்:
"நினைத்துவிட்டு, வேண்டாமென்று விட்டதையும்
அனுப்பிவிடுமா?"
எனக்குப் பதில் தெரியவில்லை.
குரங்கைக் கேட்போம் என்றாள் சாலாச்சி.

பிறகு கண்ணாடி மேசையின் தூசியில்
கணக்கேட்டின் தலையில் போடுவதுபோல
ஓர் உ போட்டாள்.
சுழி சுழியாக இல்லை. ரம்பத்தின் பல் அதில்.
அடியில் இன்னொன்று, இன்னொன்று.
என்னையும் போடச் சொன்னாள்.
என்னுடையவை மூன்றும் ஒன்றுபோல,
யார் போட்டதாகவும் இருக்கலாம்.
அவளுடையவை மூன்றும் மூன்று விதம்,
ஆனால் ஃபோன் வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால்
பல்லுக்கும் பல்லுக்கும் ஒரே இடைவெளி.

"இதைப் பொறுக்கிப் போட்டால்
உங்கள் வளையல் என்னை எப்படிக் கண்டுபிடிக்கும்?
கடவுச்சொல்லையா கல் என்கிறீர்கள்?"

தூரத்தைச் சுட்ட அ. பக்கத்தைச் சுட்ட இ.
இரண்டுக்கும் நடுவே நிற்பதைச் சுட்ட
உ என்று ஒன்று இருந்தது,
எங்கள் பேச்சில் எங்கோ தவறி விழுந்தது.
உந்தப் பக்கம், என்று சொல்லிப் பார்த்தேன்.
பத்து மீட்டருக்குக் கொஞ்சம் அப்பால்.

விளக்கு வந்ததும் வயருள்ள சுட்டி ஒன்றை வாங்கிக்கொண்டாள்.
இனி குரங்கு வந்தால் மடிக்கணினியும் கூடவே போகும் என்றேன்.
"மின்னஞ்சலையாவது முழுசாக எழுதட்டும்."

துணியோடு வந்த நொக்வாசியிடம்
அந்த மூலையை விட்டுத் துடைக்கச் சொல்லிவிட்டு
ஆர்டர் புத்தகத்தில் எழுதினேன்:
வளையல் ஒன்று. நடுக்கத்தை நீக்கக் கூடாது.
முன்பணம் இல்லை. தேதி பிறகு.