விக்கல்

நபீலிடம் வாங்கிய பழைய கொரோலா
அந்த இரும்பு வளைவுகளின் கீழே போகும்போதெல்லாம்
ஒருமுறை 'கீக்' என்றது.
பதினேழு வயதுக் கார்.
ஏதோ பெல்ட், ஏதோ திருகு என்று விட்டுவிட்டேன்.
அமுதினிதான் பெயர் வைத்தாள்: விக்கல்.
யாரோ நினைக்கிறார்கள் என்றாள்.

சிட்னிக்கு வந்து ஐந்து மாதம்.
எங்களை நினைக்க இங்கே யார்?
வங்கி நினைக்கலாம்.
வீட்டுக்காரர், வியாழன்தோறும்.

சாவடி இல்லை, தடுப்புக் கட்டை இல்லை,
சில்லறைக்கு நீளும் கை இல்லை.
பணக்கார நாடு, சாலையைச் சும்மா விட்டிருக்கிறார்கள்
என்று எம்-டூவில் தினமும்
ராஜா மாதிரி போய்வந்தேன்.

ஆறாவது வாரம் நபீல் அழைத்தார்.
"தம்பி, நீ என் கணக்கில் ஓடிக்கொண்டிருக்கிறாய்."

கண்ணாடிக்குப் பின்னால் ஒட்டியிருந்த சாம்பல் டப்பாவை
காரின் உறுப்பு என்றே நினைத்திருந்தேன்.
கழற்ற மறந்தவர் அவர்.
கேட்க மறந்தவன் நான்.

மெரிலாண்ட்ஸில் அவர் வீட்டுச் சமையலறை.
ஏலக்காய் போட்ட கறுப்புக் காப்பி.
மேசையில் நாலு தாள், நிறைய நேரங்கள்,
ஓரமெல்லாம் பேனாக் கோடு.

"நாலு ஐம்பது, நார்த் ரைட்.
நாலு ஐம்பத்தொன்று, நார்த் ரைட்.
நாலு நாற்பத்தொன்பது.
ரொட்டி சுடுகிறவனா?"
மருத்துவமனைச் சமையல் என்றேன்.
"அடுப்பு என்று தெரியும்.
வேறு யார் இப்படி நேரம் தப்பாமல் போவான்?"

பத்தொன்பதாம் தேதியில் விரல் நின்றது.
இரவு இரண்டு பன்னிரண்டு. லேன் கோவ் சுரங்கம்.
பிறகு இரண்டு நாள் ஒன்றுமில்லை.
மூன்றாம் நாள் மதியம், திரும்பும் திசை.
ஏழு நிமிட தூரத்துக்குப் பத்தொன்பது நிமிடம்.

"பையனா, பெண்ணா?"

எனக்குக் கொஞ்சம் கூசியது.
கதவைப் பூட்டி, பையைத் தூக்கி,
அவள் வலியை எண்ண நான் சிக்னலை எண்ண
யாருக்கும் சொல்லாமல் போன இரவு
இந்த மேசைமேல்
மூன்றாம் வரியில் கிடந்தது.

"அந்த வேகத்தில் ஓட்டுபவர் இரண்டே பேர்" என்றார்.
"கேக் ஏற்றியவன். பிள்ளை ஏற்றியவன்.
எனக்கு ஐந்து. எல்லாம் பிள்ளை."

பெண் என்றேன்.

போகும்போது இருவர், வரும்போது மூவர்,
டப்பா ஆளை எண்ணவில்லை.
வண்டிக்குத்தான் காசு.
நபீல் எண்ணியிருக்கிறார்.
அந்த இரண்டு வரியை மட்டும் பேனாவால் அடித்துவிட்டு
மீதியைக் கூட்டினார்:
முந்நூற்று எண்பத்தாறு டாலர்.
ஒரு காசு குறைக்கவில்லை.
இரண்டு தவணையில் கொடுத்தேன்.

என் பெயரில் எனக்கே எனக்கான டப்பா
தபாலில் வந்தது, குமிழி உறைக்குள்,
குளியல் சோப்பைவிடச் சின்னது.
கண்ணாடியைத் துடை, காயவிடு,
பத்து எண்ணும்வரை அழுத்து என்றது தாள்.
நபீலின் பழைய பசையைப்
பேருந்து அட்டையால் சுரண்டினேன்.
முழுதும் வரவில்லை.
அதன் பக்கத்திலேயே ஒட்டினேன், சற்றுக் கோணலாக.
அவருடையதைச் சப்பாத்தி சுற்றும் அலுமினியத் தாளில்
மூன்று சுற்றுச் சுற்றினேன்,
திருப்பித் தரும் வழியில்
வாய் திறந்துவிடாமல்.

ஞாயிறன்று மூவரும் கிளம்பினோம்.
முதல் வளைவு.
கீக்.
அமுதினி என்னைப் பார்த்தாள்.
இனி எங்கள் கணக்கு எங்களுக்கே வரும்,
எப்போது போனோம், எவ்வளவு மெதுவாக
என்று படிக்க வேறு ஆளில்லை
என்று சொல்ல நினைத்தேன்.

பின்னிருக்கையில் குட்டிக்கு விக்கல் எடுத்தது.
விடாமல், ஒன்றின்மேல் ஒன்றாக.
தண்ணீர் தரலாமா என்று கேட்டேன்.
இத்தனூண்டுக்குத் தண்ணீரா, ஒதுக்குங்கள் என்றாள்.

அடுத்த வெளிவழியில் இறங்கினேன்.
அதற்கும் ஒரு கீக்.