செய்தவன் இல்லாத வாக்கியம்

பேராசிரியர் பதவிக்கு விண்ணப்பம், பதினாறு பக்கம்.
டொக்டர் மைதிலி குகராஜா என் மேசையில் போட்டு,
"இஸ்ஸதீன், கட்டுரைகளை ஒருக்கா எண்ணிப் பாருங்கோ,
எனக்குக் கண் சோர்ந்துபோச்சு" என்றார்.

எண்ணினேன். நாற்பத்தொன்று.
டெங்கு இருபத்தாறு, சிக்குன்குனியா ஒன்பது,
மிச்சம் ஆறும் வயல் எலியிலிருந்து வரும் ஹன்டா.
மேற்கோள் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம்.
எச்-சுட்டெண் பத்தொன்பது.
அது என்ன கணக்கு என்று கேட்டேன்.
விளக்கினார். விளங்கியதுபோல் தலையாட்டினேன்.
ஜன்னலுக்கு வெளியே மானொன்று
யாரோ எறிந்த சோற்றுப் பார்சலைத்
தாளோடு தின்றுகொண்டிருந்தது.

அடுத்த கட்டம்: அறிவியல் தாக்கம்.
தாக்கம் என்றால் எங்கள் பக்கம்
கண்ணுக்குப் பின்னால் நோவு,
பிளேட்லெட் இறங்குவது.
"தாக்கம் குறைஞ்சிட்டா?" என்றுதான்
வாட்டு வாசலில் கேட்பார்கள்.
இந்தத் தாளில் மட்டும் அது கூடவேண்டும்.

என் பங்கைச் சொல்கிறேன்.
மூதூர், குச்சவெளி, இறக்கக்கண்டி,
கிண்ணியாப் பாலம் தாண்டி என் சொந்த ஊர்:
பஸ்ஸில் குளிர்ப்பெட்டி மடியில் இருக்கும்,
டிக்கெட் வாயில் இருக்கும்.
மின்சாரம் மூன்று நாள் போன கிழமை
மீன்காரரோடு வரிசையில் நின்று
ஐஸ் கட்டி வாங்கி, உடைத்து, அடுக்கினேன்.
அந்த இரத்தம்தான் பதினான்காம் கட்டுரை.
வெளிநாட்டில் அதை வாசித்தபோது
சூரை மீன் வாடை அடித்ததா என்று
ஒருவரும் எழுதிக் கேட்கவில்லை.

ஏழு கட்டுரைகளின் அடியில் எனக்கு நன்றி இருக்கிறது.
இசாடின். அசாதீன். இசுதின்.
ஒன்றில், அல்லாஹ்வே, "திரு. கிண்ணியா".

இருபத்தெட்டாவதைத்தான் அதிகம் பேர் எடுத்தாண்டார்கள்.
கார்த்திகை மழை, இரவு பதினொன்றரை,
லேபிள் நனைந்து மை பரவியிருந்தது.
113 இருக்கவேண்டிய இடத்தில் 131 எழுதினேன்.
ஒன்று ஒன்பது வயதுப் பிள்ளை, பிழைத்தாள்.
மற்றது படகு எஞ்சின் திருத்துகிற மனிதர்.
ஐந்தாம் நாள் மௌத்து.
அவரைக் கொண்டுபோன வைரஸை
அவள் கணக்கில் எழுதியிருக்கிறேன்.

எட்டு மாதம் கழித்து டொக்டரே கண்டுபிடித்தார்.
வேறு ஒருவர் கேட்டதில்லை, கேட்கப்போவதுமில்லை.
வரைபடத்தில் ஒரு புள்ளி
அரை விரல் தள்ளி நின்றது, அவ்வளவுதான்.
அன்றிரவே சஞ்சிகைக்கு எழுதினார்.
பிறகு வரவேண்டிய ஒரு பெரிய பணம் வரவில்லை.
ஏன் என்று அவரும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

அச்சில் வந்தது நாலு வரி.
எனக்கு இங்கிலிஷ் மட்டுமட்டு;
மருமகனிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னேன்.
"இரு மாதிரிகளின் இலக்கங்கள் மாறியிருந்தன.
ஆசிரியர் வருந்துகிறார்."
மாத்தினது யாரெண்டு கேட்டேன்.
"அது இதில இல்ல மாமா. தானா மாறின மாதிரி இருக்கு."

அந்த வாக்கியத்தில் மழை இல்லை.
கை இல்லை.
வருந்துகிறவர் மட்டும் இருந்தார்.
ஏழு இடத்தில் பிழையாகப் போன என் பெயர்
அந்த ஓரிடத்தில்
எழுதப்படாமல் சரியாக இருந்தது.

மறுநாள் என் மேசையில்
நனைந்தாலும் அழியாத பேனை, ஒரு டசன்.
அதைப்பற்றியும் பேச்சில்லை.

"டொக்டர், திருத்தத்தையும் எண்ணவா?"
"அதுக்குப் புள்ளி இல்லை, விடுங்கோ."
விடவில்லை.
நாற்பத்திரண்டு என்று எழுதி,
தலைப்பு, ஆண்டு, பக்கம் எல்லாம் போட்டேன்.
மேற்கோள்: பூச்சியம்.

விண்ணப்பத்தை உறையில் இட்டு ஒட்டியபின்
உள்ளே போய் ஃப்ரீசரைத் திறந்தேன்,
மறை எண்பது பாகை, முகத்தில் வெண்புகை.
113 அதன் குழியில். 131 அதன் குழியில்.
மூடினேன்.
திரும்பவும் திறந்து பார்த்தேன்.