மூன்றாம் சுற்று

இருபத்தெட்டு பீப்பாய்மேல் தெப்பம்.
மேலே சாமி, குருக்கள், நாதஸ்வரம்,
எப்படியோ ஏறிவிட்ட ஒரு கவுன்சிலர்.
கீழ்த்தட்டில் ஜெனரேட்டரோடு நான்.

கரையில் பத்தமடைச் சனம் முழுக்க.
"மெல்ல இழுங்கவே!" என்று கத்துகிறான் கொம்பையா.
சீரியல் செட்டு எப்படி எரிகிறதென்று
இத்தனை வருசத்தில் நான் பார்த்ததில்லை.
தண்ணீரில் சிவப்பு உடைந்து
பச்சையோடு கலப்பது மட்டும் தெரியும்.

மூன்றாம் சுற்றில், ஈசான மூலையில்,
டீசல் தீர்ந்தது.

கரை மொத்தமும் "ச்சூ" கொட்டியது.
நாதஸ்வரம் நிற்கவில்லை.
கேனைத் தேடிய கை
முதலில் குளத்தைத் தொட்டது.
வெதுவெதுப்பு.
யாரோ செல்போனில் டார்ச் அடித்தார்கள்,
பிறகு இன்னொருத்தர்.

கொம்பையா, கொஞ்சம் நில்லுடே
என்று சொல்ல வாயெடுத்தேன்.
வடம் தளரவேயில்லை.
இருட்டிலும் அதே வேகத்தில்
போய்க்கொண்டிருந்தது தெப்பம்.

ஊற்றினேன்.
பாதி மீன்களுக்கு.