தெளித்த தண்ணீர்

மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில்
விடிகாலை மூன்றரைக்கு நான் எழுதும் சிட்டையில்
முதலில் எடை, அப்புறம் விலை,
அதற்குக் கீழே எங்கள் கமிஷன், நூற்றுக்குப் பத்து.
பதினோரு வருஷமாய் அடுத்தவர் காசில் கழித்த கை.
இன்றைக்குத்தான் சொந்தக் காசில் கழிக்க உட்கார்ந்திருக்கிறது.

நாற்பதாயிரம்.
வைகாசி முகூர்த்தங்களில் தூங்காமல் சேர்ந்தது.
ராத்திரி ராத்திரி என் தொடையில் குத்திக்கொள்கிற
இன்சுலின் பேனாவைச் செய்யும் கம்பெனியில்
கொஞ்சம் பங்கு வாங்கணும்.
போன மாதமும் விலை ஏற்றினான்.
ஏறுகிற ஏற்றத்தில் ஒரு நூலாவது
என் பக்கம் சாயட்டுமே.

முதல் ஆப் சொல்கிறது: கமிஷன் சைபர்.
பச்சை எழுத்து, மேலே பலூன் வேறு.
இரண்டாவது ஆப் கால் சதவீதம் கேட்கிறது.
அதற்கு முன்னால்
பணம் கடல் தாண்ட ஐந்நூறு,
அந்த ஐந்நூறுக்கு வரி தொண்ணூறு.
எவளாவது இரண்டாவதற்குப் போவாளா?

ஒச்சம்மா வந்தாள், உசிலம்பட்டிப் பக்கம்,
நாலு கிலோ மல்லி, ஈரச் சாக்கு.
என் போனை எட்டிப் பார்த்தாள்.
"கமிஷனே இல்லேன்னா அவன் என்னத்தத் திம்பான்?"
கேட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டாள்.

சாக்கு தராசில் சொட்டிக்கொண்டிருந்தது.
பூவில் தெளித்த தண்ணீருக்கும்
இங்கே பூ விலைதான்.

அப்போதுதான் ரேட்டைப் பார்த்தேன்.
நேற்றுச் சாயந்திரம் டாலர் 84 ரூபாய்.
பலூன்காரன் எனக்குத் தருவது 85.60.
கமிஷன் கேட்கிறவன் தருவது 84.30.
ஒன்று அறுபது தண்ணீர்,
ஒவ்வொரு டாலரிலும்,
எந்த வரியிலும் எழுதாமல்.

எட்டு தேய்ந்துபோன கால்குலேட்டரில்
போட்டேன், அழித்தேன், போட்டேன்.
அதற்குள் நிலக்கோட்டை வண்டி வந்து
பிச்சியில் பதினேழு சிட்டை.
திரும்பவும் முதலிலிருந்து.

சைபர் வழியில் போனால் 467 டாலர் 29 சென்ட்.
ஐந்நூறு, தொண்ணூறு, கால் சதவீதம் எல்லாம் அழுதுவிட்டுப் போனால்
466 டாலர் 33.

தொண்ணூற்றாறு சென்ட்!
எண்பத்தோரு ரூபாய்.
நாலு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு
பொய் சொன்னவன் ஜெயித்திருக்கிறான்,
இரண்டு டீ, ஒரு முட்டை தோசை அளவுக்கு.

எண்பதாயிரம் இருந்தால் கதை மாறுகிறது.
தண்ணீர் இரட்டிக்கும், ஐந்நூறு ஐந்நூறாகவே நிற்கும்,
கமிஷன் கேட்டவன் ஐந்து டாலர் மலிவு.
இரட்டிக்க எனக்கு இன்னொரு வைகாசி வேண்டும்.
அதுவரைக்கும் டாலர்
வாசலில் செருப்பைக் கழற்றிப்போட்டு
எனக்காகவா உட்கார்ந்திருக்கும்?
விற்றுத் திரும்பும் நாளிலும் ரூபாயாக மாற்றணும்.
மறுபடி தண்ணீர்.

ஒச்சம்மா வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.
நாலு இருநூறு காட்டியது தராசு.
ஈரத்துக்கு இருநூறு கழித்தேன், பழக்கம்.
"நூறு போடு தாயி, ராத்திரி மழை."
மழை இல்லை. எனக்கும் தெரியும்.
நூற்றைம்பது என்று எழுதினேன்.
பத்து சதவீதமும் எழுதினேன், பெரிய எழுத்தில்,
அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே.
அதில் ஒரு பெருமை மாதிரி வந்தது.
பெருமைப்பட அதில் என்ன இருக்கிறது,
கழித்தது கழித்ததுதான்.

ஒன்பதுக்கு மார்க்கெட் திறந்தது.
இந்த மார்க்கெட் இல்லை, அந்த மார்க்கெட்.
கையிலிருந்த ஈரம் போனில் பட்டு
பொத்தான் அமுங்கவில்லை.
பாவாடையில் துடைத்துவிட்டு நிமிர்ந்தால்
85.60 இருந்த இடத்தில்
85.72.