நாற்பத்தொன்று

ஜனவரி. இலக்குப் படிவம் வந்தது.
யூனியன் பிளேஸ், நான்காம் மாடி.
குளிரூட்டிக்குக் கீழே சால்வையைப் போர்த்திக்கொண்டு
போன வருடத்ததைத் திறந்து
வருடத்தை மட்டும் மாற்றினேன்:
'வாடிக்கையாளர் சேவையை மேம்படுத்துதல்.'

தில்ருக்ஷி அதை மேலே அனுப்பவில்லை.
என் மேசைக்கே கொண்டுவந்தாள்.
"யாருக்கு? எத்தனை? எப்போதைக்குள்?"
மூன்று மொழியிலும் அவளுக்குச் சுருக்கமாகத்தான் பேச வரும்.
"செய்தாயா இல்லையா என்று
டிசம்பரில் எப்படிக் கண்டுபிடிப்பாய்?"

கோபம்தான் வந்தது.
கண்ணாடிக்கு வெளியே பேரை வாவியில்
அன்னப் படகுகள்
நின்ற இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தன.
மிதிக்கிறவர்கள் சிரித்துக்கொண்டுதான் மிதிக்கிறார்கள்.

பிறகு எழுந்துபோய்
அலுமாரியில் கிடந்ததை எண்ணினேன்.
வெள்ளக் கோப்புகள், நாற்பத்தொன்று.
சிலதின் ஓரத்தில் இன்னும் சேற்று மஞ்சள்.
மேலே கிடந்தது பளீலுடையது:
வெல்லம்பிட்டி, மிளகாய் அரைக்கும் மில்,
மோட்டாருக்குள் களனி கங்கை,
எழுபத்துமூன்று நாள்.
திங்கள்தோறும் போன் எடுப்பார்.
"பார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்பேன்.
பார்க்கவில்லை என்பது
இரண்டு பேருக்கும் தெரியும்.

எழுதினேன்:
மார்ச் முப்பத்தொன்றுக்குப் பிறகு
பதினாலு நாள் தாண்டிய வெள்ளக் கோப்பு
என் அலுமாரியில் இருக்காது.

எழுதி முடித்ததும் பயம் பிடித்தது.
தோற்க முடிகிற வாக்கியம் இது.
போன வருடத்ததற்குத் தோற்கவே தெரியாது.

என் கையில் மட்டுமா இருக்கிறது?
சேதம் பார்க்கிற ஹேஷானுக்கு
ஒரு மோட்டார் சைக்கிள், ஏழு ஊர்.
ஐந்தாம் மாடிக் கையெழுத்து
வியாழனில் மட்டும் விழும்.
அதையும் அடியில் எழுதிக் கொடுத்தேன்.
தில்ருக்ஷி வாசித்தாள், பேனையைக் கடித்தாள்,
செவ்வாயும் வெள்ளியும் வான் தருகிறேன் என்றாள்.
கையெழுத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

திங்கள் பளீல் எடுத்தார்.
"வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு வருவார்கள்" என்றேன்.
மறுமுனையில் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
பிறகு கேட்டார்:
"எந்த வெள்ளி, மகள்?"

இந்த வெள்ளி.

அன்றைக்கென்று மழை.
தெமட்டகொடையில் வான் சிக்கிக்கொள்ள
பத்து மணி ஒன்றரையாகியது.
அதற்கடுத்த வியாழன், கையெழுத்தும் விழுந்த பிறகு,
படிவத்தின் ஓரத்தில்
பென்சிலால் எழுதினேன், நாற்பது.
அதற்குள் கீழ்மாடியிலிருந்து
புதிதாக இரண்டு வந்திருந்தன.
அழிறப்பரைத் தேடினேன்.